பூனைக்கு முடி கொட்டுகிறதா, பூனையே பிடுங்குகிறதா? தோல் பிரச்சினைகளுக்கு முழுமையான வழிகாட்டி

பூனையின் வயிற்றிலோ முதுகிலோ ஒரு வழுக்கைத் திட்டு தெரிந்ததும் பலர் முதலில் மெடிக்கல் ஷாப்புக்குப் போய் ஒரு களிம்பு வாங்குவார்கள். அது பலிக்காவிட்டால் தேங்காய் எண்ணெய். தடவியது எதுவானாலும் பத்து நிமிடத்தில் பூனை நக்கி விழுங்கிவிடும். திட்டு அப்படியே இருக்கும்.

பூனைத் தோல் நோயில் மருந்து கடைசி வேலை. முடி எப்படிப் போனது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. அதன் பிறகு தெள்ளு, படர்தாமரை, சொறி, சாப்பாடு, காற்றுவழி ஒவ்வாமை என்று வரிசையாகக் கழித்துக்கொண்டே வர வேண்டும். வரிசையைத் தாண்டி நேராக ஊசிக்குப் போகும் வீடுகளில்தான் ஒரே பிரச்சினை வருடக்கணக்கில் இழுக்கிறது.

படி 1: தொட்டுப் பாருங்கள்

பகல் வெளிச்சத்தில், ஜன்னலோரம், பூனை அமைதியாக இருக்கும் நேரத்தில் பாருங்கள். அமுக்கிப் பிடிக்க வேண்டாம். மடியில் ஒரு துண்டு விரித்து உட்கார வைத்தாலே போதும். முடி வளரும் திசைக்கு எதிராக விரலால் மெதுவாகத் தள்ளி, தோல் வரை பாருங்கள்.

திட்டின்மேல் விரலை எதிர்த்திசையில் ஓட்டும்போது, சவரம் செய்த மறுநாள் தாடையைப் போல முள்முள்ளாகக் குத்தினால் முடி வேரிலிருந்து கொட்டவில்லை. பூனை தன் சொரசொரப்பான நாக்கால் நக்கி நக்கி நடுவில் ஒடித்திருக்கிறது. வழவழப்பாக இருந்து, சுற்றியுள்ள முடியும் லேசாக இழுத்தாலே கொத்தாகக் கையோடு வந்தால் அது உண்மையான முடி உதிர்வு. மருத்துவர் நான்கைந்து முடியைப் பிடுங்கி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் இது உறுதியாகிவிடும்: நுனி ஒடிந்திருந்தால் நக்கல், நுனி கூராக இருந்தால் உதிர்வு. ஐந்து நிமிடச் சோதனை. கேட்டு வாங்கிச் செய்துகொள்ளுங்கள்.

"எங்கள் பூனை நக்குவதையே நாங்கள் பார்த்ததில்லையே" என்று சொல்பவர்கள் அதிகம். பூனை தனியாக இருக்கும்போதுதான் அதிகம் நக்கும். அடிக்கடி முடி உருண்டையாக வாந்தி எடுக்கிறதா, மலத்தில் முடி கோத்துக்கொண்டு வருகிறதா என்று பாருங்கள். பழைய கைபேசி ஒன்றை இரவில் வீடியோவில் வைத்துவிட்டுப் படுத்தால் இன்னும் நல்லது.

உண்மையான உதிர்வைவிட, நக்கிப் போனதுதான் பூனைகளில் மிக மிக அதிகம். ஆகவே கேள்வி "முடி வளர என்ன தடவுவது?" என்பதிலிருந்து "இதற்கு ஏன் ஊறுகிறது, எங்கே வலிக்கிறது?" என்று மாறிவிடும்.

பயப்படத் தேவையில்லாதவையும் சில உண்டு. கண்ணுக்கும் காதுக்கும் நடுவே முடி மெலிந்திருப்பது பூனைக்கு இயல்பு. கறுப்புப் பூனையில் எடுப்பாகத் தெரியும். குட்டி போடும் சமயத்தில் முலைக்காம்பைச் சுற்றி முடி போகும். கடும் காய்ச்சல், பிரசவம், அறுவை சிகிச்சைக்குப் பிறகு சில வாரங்கள் கழித்து மொத்தமாக முடி கொட்டி, தானாகவே திரும்ப வளர்வதும் உண்டு.

படி 2: எந்த இடம் என்று குறித்துக்கொள்ளுங்கள்

இடம் பாதி விடையைச் சொல்லிவிடும். ஒரு தாளில் பூனையின் உருவத்தைக் கோட்டுப்படமாக வரைந்து, முடி போன இடம், பொருக்கு, புண் எல்லாவற்றையும் குறியுங்கள். பக்கத்தில் ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்துப் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை அதே இடத்தில், அதே வெளிச்சத்தில் எடுத்தால் முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும்.

வால் தொடங்கும் இடம், இடுப்பு, பின்தொடை: தெள்ளு. காது ஓரம், நெற்றி, கண்ணைச் சுற்றித் தடித்த சாம்பல் நிறப் பொருக்கு: சொறி. முகம், காது, முன்னங்காலில் வட்டமாக முடி போய்த் தவிடு மாதிரி உதிர்ந்தால் படர்தாமரை. மூக்குத்தண்டிலும் காது மடலிலும் சின்னச் சின்னப் புண், மழைக்காலத்தில் அதிகம், வீட்டுக்குள் அடைத்து வைத்தால் குறைகிறது என்றால் கொசுக்கடி ஒவ்வாமை. தாடையில் கறுப்புப் புள்ளிகள் என்றால் தாடை முகப்பரு. பிளாஸ்டிக் கிண்ணத்தை எடுத்துவிட்டு எவர்சில்வர் வைத்து, தினமும் கழுவுங்கள், பல நேரம் அதுவே போதும். தலையும் கழுத்தும் மட்டும் ரத்தம் வரும் அளவுக்குப் பிறாண்டல் என்றால் சாப்பாட்டு ஒவ்வாமையை நினைவில் வையுங்கள்.

அடிவயிறும் தொடை உட்புறமும் மட்டும் மழமழவென்று ஆகியிருந்தால் ஒவ்வாமையாக இருக்கலாம். சிறுநீர்ப்பை வலியாலும் பூனை அதே இடத்தை நக்கும். அடிக்கடி மண் பெட்டிக்குப் போய் உட்கார்ந்து, சொட்டுச் சொட்டாகப் போகிறதா என்று கவனியுங்கள். ஆண் பூனை முக்கி முக்கிப் பார்த்தும் சிறுநீரே வரவில்லை என்றால் தோலை மறந்துவிட்டு அந்த நிமிடமே மருத்துவரிடம் ஓடுங்கள். அடைப்பு ஓரிரு நாளில் உயிரைக் குடிக்கும்.

வெள்ளைப் பூனை, வெள்ளைக் காது நுனி, ஆறாத பொருக்கு, நாள் முழுக்க மொட்டை மாடி வெயில்: இந்த நான்கும் சேர்ந்தால் அது தோல் புற்றாக இருக்கக்கூடும். சீக்கிரம் கண்டுபிடித்தால் காது நுனியை மட்டும் வெட்டி எடுத்துப் பூனையைக் காப்பாற்றலாம். களிம்பு தடவிக் காத்திருக்க வேண்டிய விஷயம் இல்லை.

படி 3: தெள்ளுச் சோதனை

தெள்ளு கண்ணில் படவில்லை என்பதால் தெள்ளு இல்லை என்று ஆகாது. ஒவ்வாமை உள்ள பூனைக்கு ஒன்றிரண்டு கடியே போதும். கடித்ததைத் தேடித் தேடி அதுவே தின்றும் விடும்.

தேவையானவை: பல் நெருக்கமான உலோகப் பேன் சீப்பு, வெள்ளை டிஷ்யூ பேப்பர், ஒரு கிண்ணம் சோப்புத் தண்ணீர். கழுத்திலிருந்து வால் வரை முதுகெலும்பை ஒட்டிச் சீவுங்கள். வால் அடியில் மட்டும் பத்துப் பதினைந்து இழுப்பு. சீப்பில் வந்த கறுப்புத் துகளை ஈர டிஷ்யூவில் கொட்டி ஒரு நிமிடம் விடுங்கள். துகளைச் சுற்றிச் செம்பழுப்பாகக் கசிந்தால் அது தெள்ளின் கழிவு, அதாவது செரித்த ரத்தம். கறுப்பாகவே நின்றால் வெறும் மண். உயிரோடு மாட்டிய தெள்ளைச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். வெறும் தண்ணீரில் அது மூழ்காது.

ஆசனவாய் அருகே அரிசி மணி போல எதுவும் ஒட்டியிருந்தால் அது நாடாப்புழுவின் துண்டு. தெள்ளை விழுங்கிய பூனைக்குத்தான் இந்தப் புழு பெரும்பாலும் வரும். புழுவுக்குப் பிராசிகுவான்டெல் மாத்திரை கொடுத்தால் போகும். தெள்ளு இருக்கும்வரை மறுபடி வரும்.

சோதனையில் எதுவும் கிடைக்காவிட்டாலும் அடுத்த படியை விடாதீர்கள். ஊறல் உள்ள எல்லாப் பூனைக்கும் முதலில் முறையான தெள்ளு சிகிச்சை. விலை குறைவு, ஆபத்து குறைவு. இதை முடிக்காமல் மற்ற எந்தச் சோதனையின் முடிவையும் நம்ப முடியாது.

படி 4: தெள்ளைத் தீர்ப்பது

இங்கேதான் பலரும் தோற்கிறார்கள். ஒரு பெண் தெள்ளு நாளைக்கு 40 முட்டை வரை இடும். முட்டை பூனைமேல் ஒட்டாமல் சோபா, மெத்தை, பாய், தரை இடுக்கு என்று விழும். ஒரு வீட்டில் இருக்கும் மொத்தத் தெள்ளில் பூனைமேல் இருக்கும் வளர்ந்த பூச்சி சுமார் 5 சதவீதம்தான். மிச்சமெல்லாம் முட்டை, புழு, கூட்டுப்புழு. நம் ஊர் வெக்கையிலும் ஈரப்பதத்திலும் முட்டை மூன்று வாரத்தில் பூச்சியாகிவிடும். கூட்டுப்புழுவை எந்த மருந்தும் துளைக்காது. அதிர்வும் உடல் சூடும் மூச்சுக்காற்றும் படும்வரை மாதக்கணக்கில் காத்திருக்கும். ஊருக்குப் போய்விட்டு வந்து கதவைத் திறந்ததும் தெள்ளு காலில் தாவுவது இதனால்தான்.

ஆகவே மூன்று முனையிலும் ஒரே நேரத்தில் அடிக்க வேண்டும்.

முதலாவது, பூனை. பூனைக்கென்று அச்சிட்ட ஸ்பாட்-ஆன் சொட்டு மருந்து வாங்குங்கள். ஃபிப்ரோனில், செலமெக்டின், இமிடாகுளோபிரிட், ஃபுளூரலானர் போன்றவற்றில் எது என்பதை மருத்துவர் எடை, வயது பார்த்துச் சொல்வார். ஃபிப்ரோனில் பூனைக் குழாய் அரை மி.லி. மட்டுமே, மாதம் ஒருமுறை. பூனைக்கான ஃபுளூரலானர் சொட்டு சுமார் 12 வாரம் நிற்கும். சொறி, காதுப்பூச்சி சந்தேகமும் சேர்ந்திருந்தால் செலமெக்டின் நல்லது. தெள்ளோடு அவற்றையும் பார்த்துக்கொள்ளும்.

போடும் இடம் மண்டை ஓடு முடிந்து கழுத்து தொடங்கும் குழி. நாக்கு எட்டாத ஒரே இடம் அதுதான். முடியை இரண்டாக வகிர்ந்து, வெள்ளைத் தோல் தெரிந்ததும் குழாய் முனையைத் தோலில் வைத்து மொத்தத்தையும் பிழியுங்கள். முடியின்மேல் விட்டால் பாதி வீண். போடுவதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் குளிப்பாட்ட வேண்டாம். நக்கிவிட்டால் வாயில் நுரை தள்ளும். பெரும்பாலும் அது கசப்பால் வருவது, சிறிது நேரத்தில் அடங்கும். வீட்டில் முயல் இருந்தால் ஃபிப்ரோனில் அதன்மேல் படவே கூடாது. முயலுக்கு அது விஷம்.

இரண்டாவது, வீட்டில் உள்ள மற்ற எல்லாப் பூனையும் நாயும். ஊறல் இல்லாததற்கும் மருந்து வேண்டும்.

மூன்றாவது, வீடு. பூனை படுக்கும் துணியை வாரம் ஒருமுறை கொதிநீரில் ஊறவைத்துத் துவைத்து உச்சி வெயிலில் காயப்போடுங்கள். தெள்ளின் புழு வறட்சியையும் வெளிச்சத்தையும் தாங்காது. சோபா அடி, கட்டில் அடி, மிதியடி, கதவிடுக்கு எல்லாவற்றையும் வேக்குவம் க்ளீனரால் இழுத்து, தூசியை உடனே வீட்டுக்கு வெளியே கட்டிப் போடுங்கள். வேக்குவம் இல்லாதவர்கள் பெருக்கிய பின் ஈரத்துணியால் துடைக்கலாம். முட்டையையும் புழுவையும் வளரவிடாத மெத்தோபிரீன், பைரிபுராக்சிஃபென் கலந்த ஸ்பிரேயும் உண்டு. அடித்துக் காயும்வரை பூனை அந்த அறைக்குள் வரக் கூடாது.

குறைந்தது மூன்று மாதம், ஒரு தேதிகூடத் தவறாமல் செய்ய வேண்டும். இரண்டாம் வாரத்தில் தெள்ளு மறுபடி தெரிந்தால் மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். பழைய கூட்டிலிருந்து புதிதாக வந்தவை அவை.

எட்டு வாரத்துக்கு உட்பட்ட குட்டிக்குச் சொட்டு மருந்து பெரும்பாலும் கூடாது. தினமும் இரண்டு வேளை பேன் சீப்பால் சீவுங்கள். ஈறு வெளுத்துச் சோர்ந்திருந்தால் தெள்ளு குடித்த ரத்தத்தால் வந்த சோகை அது. அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

நாய் மருந்து பூனைக்கு விஷம்

நாய்களுக்கான சொட்டு மருந்து, பவுடர், ஷாம்பு சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும். பூனையின் கல்லீரலுக்கு அதை உடைக்கும் சக்தி போதாது. போட்ட சில மணி நேரத்தில் காது துடிக்கும், உடம்பு நடுங்கும், பிறகு வலிப்பு. "நாய்க்குப் போட்டதில் கொஞ்சம்தான்" என்பதும் கொல்லும். மனிதர்களின் சிரங்குக்கு விற்கும் பெர்மெத்ரின் கிரீமும், பென்சைல் பென்சோவேட் லோஷனும் இதே கதைதான். உண்ணிக்கு நாயைக் குளிப்பாட்டும் அமிட்ராஸும் பூனைக்கு ஆகாது.

தவறிப் போட்டுவிட்டால் வெதுவெதுப்பான தண்ணீரும் பாத்திரம் கழுவும் திரவமும் கொண்டு இரண்டு முறை கழுவி, துவட்டி, மருந்துப் பாக்கெட்டையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே கிளம்புங்கள். நடுக்கம் ஏற்கெனவே தொடங்கியிருந்தால் கழுவ நேரம் செலவழிக்க வேண்டாம்.

படி 5: படர்தாமரை

மைக்ரோஸ்போரம் கேனிஸ் என்ற பூஞ்சைதான் பூனைகளில் இதற்குப் பெரும்பாலும் காரணம். குட்டிகளுக்கும், நீளமுடிப் பெர்ஷியன் பூனைகளுக்கும் அதிகம். வீட்டில் குழந்தைகளின் கையிலோ கழுத்திலோ வட்டத் தடிப்பு வந்திருந்தால் சந்தேகம் உறுதிப்படும். இது பூனையிடமிருந்து மனிதருக்குத் தொற்றும். ஊறல் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

ஆன்லைனில் விற்கும் புற ஊதா டார்ச் கொஞ்சம்தான் உதவும். இருட்டறையில் அடிக்கும்போது முடித்தண்டின் அடிப்பகுதியே ஆப்பிள் பச்சையாக ஒளிர்ந்தால் சந்தேகப்படலாம். பொடுகு, களிம்பு, சோப்பு, துணி நூல் எல்லாம் நீலவெள்ளையாக மின்னும், அது கணக்கில்லை. ஒளிரவில்லை என்பதாலும் படர்தாமரை இல்லை என்று ஆகிவிடாது.

உறுதியான வழி பூஞ்சை வளர்ப்புச் சோதனை. பிரிக்காத புதிய டூத்பிரஷ்ஷால் திட்டின் ஓரத்தைச் சுற்றி இரண்டு மூன்று நிமிடம் தேய்த்து, அந்த பிரஷ்ஷையே பாக்கெட்டில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். முடிவு வர இரண்டு மூன்று வாரம் ஆகும். சென்னை வேப்பேரி போன்ற கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ஆய்வக வசதி பக்கத்திலேயே இருப்பதால் இந்தச் சோதனைகளுக்கு அங்கே போவது வசதி.

சிகிச்சைக்கு உள்மருந்து, வெளிமருந்து இரண்டும் வேண்டும். பரவலாகக் கொடுப்பது இட்ராகோனசோல்: ஒரு கிலோ எடைக்கு 5 மி.கி., தினம் ஒருமுறை, ஒரு வாரம் கொடுத்து ஒரு வாரம் நிறுத்தி, இப்படி மூன்று சுற்று. 100 மி.கி. மனிதக் கேப்ஸ்யூலை வீட்டிலேயே பிரித்து மூன்று கிலோப் பூனைக்கு 15 மி.கி. எடுப்பது கண்திட்டத்தில் நடக்கிற காரியம் இல்லை. பூனைக்கேற்ற அளவில் வாங்குங்கள். கல்லீரல் நிலையையும் மருத்துவர் பார்க்கட்டும். கருவுற்ற பூனை என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வெளியே, 2 சதவீதம் குளோர்ஹெக்சிடினும் 2 சதவீதம் மைக்கோனசோலும் கலந்த ஷாம்பு, வாரம் இரண்டு முறை. நுரையோடு பத்து நிமிடம் நிற்க வேண்டும். கைபேசியில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள், ஊகத்துக்கு விட்டால் மூன்று நிமிடத்தில் கழுவிவிடுவீர்கள். கண்ணில் படாமல் பார்த்து, நன்றாக அலசித் துவட்டுங்கள். திட்டுக்கு மட்டும் களிம்பு தடவுவதில் பயனில்லை, ஏனெனில் வித்துகள் உடம்பு முழுக்க இருக்கும். பூஞ்சைக்கு என்று கடையில் கொடுக்கும் பல கூட்டுக் களிம்புகளில் ஸ்டீராய்டும் கலந்திருக்கும். சிவப்பு குறைந்து, பூஞ்சை பரவும்.

வீட்டில் ஒரே அறையில் பூனையை வைத்துக்கொள்ளுங்கள்: துடைக்க எளிதான அறை, தரை விரிப்பு இல்லாமல். அதற்காகத் தனியாக அடைத்துப் போட்டுவிடாதீர்கள், குட்டிக்கு மனிதர் பழக்கம் அந்த வயதில்தான் வரும். வாரம் இரண்டு முறை முடியை எல்லாம் கூட்டி அள்ளி, சோப்புத் தண்ணீரால் துடைத்து, பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 மி.லி. பிளீச் கலந்து துடைத்து, பத்து நிமிடம் கழித்து நல்ல தண்ணீரால் துடையுங்கள். முடியையும் அழுக்கையும் முதலில் அகற்றாமல் பிளீச் ஊற்றினால் வேலைக்காகாது. பிளீச்சோடு ஆசிட்டோ டாய்லெட் க்ளீனரோ கலக்கக் கூடாது. விஷ வாயு வரும்.

முடி முளைத்துவிட்டது என்று மருந்தை நிறுத்துவதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு. தோல் நன்றாகத் தெரிந்த பிறகும் பூஞ்சை இருக்கும். வளர்ப்புச் சோதனை சுத்தம் என்று வரும்வரை தொடர வேண்டும்.

படி 6: சொறியும் காதுப்பூச்சியும்

தெருவிலிருந்து எடுத்து வந்த பூனைகளில் சொறி சர்வசாதாரணம். காது மடலின் உள் ஓரத்தில் தொடங்கி முகம், கழுத்து, பாதம் என்று இறங்கும். சுருண்டு படுக்கும்போது முகம் படும் இடமெல்லாம் பரவும். ஊறல் தாங்காமல் பூனை இளைத்துவிடும். தூக்கியவர் கையிலும் சிவந்த தடிப்பு வரும். பூனை குணமானதும் அது தானாக அடங்கிவிடும்.

மருத்துவர் பொருக்கைச் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் சொறிப் பூச்சி கொத்துக் கொத்தாகத் தெரியும். செலமெக்டின், அல்லது இமிடாகுளோபிரிட்டும் மாக்சிடெக்டினும் சேர்ந்த சொட்டு, அல்லது ஐவர்மெக்டின் ஊசி: எல்லாவற்றுக்கும் நல்ல பலன் உண்டு. இரண்டாவது தவணையை விடாதீர்கள், முட்டையிலிருந்து வரும் அடுத்த தலைமுறைக்கு அது. பொருக்கைப் பிய்க்க வேண்டாம். பூச்சி செத்ததும் அடையாகக் கழன்று விழும்.

மனித ஐவர்மெக்டின் மாத்திரையை உடைத்துக் கொடுக்கும் பழக்கம் பரவியிருப்பதால் ஒரு கணக்கு. மூன்று கிலோப் பூனைக்குத் தேவை சுமார் 0.6 மி.கி. கடையில் கிடைக்கும் மாத்திரை 12 மி.கி. அதில் இருபதில் ஒரு பங்கு. எந்தக் கத்தியாலும் அப்படி வெட்ட முடியாது. அளவு மீறினால் தள்ளாட்டம், பார்வை போதல், மயக்கம். குட்டிகளுக்கு இன்னும் மோசம்.

காதுக்குள் காபித்தூள் மாதிரி கறுப்பு அழுக்கும், ஓயாத தலை உதறலும் என்றால் காதுப்பூச்சி. இதற்கும் செலமெக்டினே போதும். பட்ஸ் போட்டுக் குடையாதீர்கள். காதைச் சுத்தம் செய்வதற்கு முன் செவிப்பறை கிழியவில்லையா என்று மருத்துவர் பார்க்க வேண்டும்.

படி 7: சாப்பாட்டுச் சோதனை

தெள்ளு, பூஞ்சை, சொறி மூன்றும் இல்லை, ஊறல் மட்டும் போகவில்லை என்றால் சாப்பாடு. ரத்தப் பரிசோதனையில் இதைக் கண்டுபிடிக்கலாம் என்று யாராவது சொன்னால் பணத்தை மிச்சப்படுத்துங்கள். நம்பத்தக்க ஒரே வழி எட்டு வாரப் பத்தியம்.

பூனைகளில் அதிகம் ஒவ்வாமை தருபவை மாட்டிறைச்சி, மீன், கோழி. வருடக்கணக்கில் சாப்பிட்டு வந்த உணவுக்கும் ஒவ்வாமை வரலாம். ஆகவே "இத்தனை நாள் மத்திதானே போட்டோம்" என்ற வாதம் இங்கே செல்லாது.

மிகச் சுலபமான வழி, புரதத்தைச் சிறு துண்டுகளாக உடைத்துச் செய்த மருத்துவப் பூனை உணவு. விலை அதிகம்தான். முடியாதவர்கள் பூனை இதுவரை சாப்பிடாத ஒரே ஒரு இறைச்சியைத் தேர்ந்தெடுக்கலாம். முயலோ ஆடோ நல்லது. கோழி ஒத்துக்கொள்ளாத பூனைக்குக் காடையும் வாத்தும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். வெங்காயம், பூண்டு, மசாலா, உப்பு இல்லாமல் வேகவையுங்கள். வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்த அணுக்களை உடைக்கும். வெறும் இறைச்சியில் கால்சியமும், பூனைக்குக் கட்டாயம் வேண்டிய டாரின் என்ற சத்தும் போதாது. எட்டு வாரத்துக்கும் என்ன சேர்ப்பது என்று மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். குட்டிகளுக்கு வீட்டுப் பத்தியமே வேண்டாம்.

புது உணவுக்கு ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். பசித்தால் தானாகத் தின்னும் என்று பட்டினி போடாதீர்கள். குண்டுப் பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாவிட்டாலே கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து மஞ்சள் காமாலைக்குப் போய்விடும்.

சோதனை கெட்டுப்போவது எப்போதும் வீட்டு ஆட்களால்தான். பாட்டி ஊற்றும் ஒரு கரண்டிப் பால், பக்கத்து வீட்டு மீன் தலை, சுவையூட்டிய புழு மாத்திரை, நாயின் தட்டு. ஒரு வாய் போனாலும் கணக்கு முதலிலிருந்து. வெளியே சுற்றும் பூனையை இந்த இரண்டு மாதம் உள்ளே வைக்க முடியாது என்றால் இந்தச் சோதனையைத் தொடங்கவே வேண்டாம்.

எட்டு வாரத்தில் ஊறல் நின்றால் பாதிதான் முடிந்தது. பழைய உணவை மறுபடி கொடுங்கள். இரண்டு வாரத்துக்குள் ஊறல் திரும்பினால் உறுதி. திரும்பாவிட்டால் குணமானதற்குக் காரணம் வேறு, அநேகமாக நீங்கள் விடாமல் போட்ட தெள்ளு மருந்து.

தயிர் சாதமும் பாலும் மட்டுமே தின்னும் பூனையின் கதை வேறு. அது ஒவ்வாமை இல்லை, ஊட்டக்குறை. பூனை கட்டாய மாமிச உண்ணி. புரதம் குறைந்தால் முடி மெலியும், பொடுகு உதிரும், கறுப்பு முடி செம்பட்டை அடிக்கும். இதற்குச் சோதனை எதுவும் தேவையில்லை; சாப்பாட்டை மாற்றுங்கள்.

படி 8: இவ்வளவுக்குப் பிறகும் ஊறல் என்றால்

தூசி, மகரந்தம் போன்றவற்றுக்கான ஒவ்வாமை மிச்சம் இருக்கிறது. இதைக் குணப்படுத்த முடியாது, கட்டுப்படுத்தலாம். ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையில் தொடங்கி, ஒன்றுவிட்டு ஒரு நாள் என்று குறைந்தபட்ச அளவுக்கு இறக்குவார்கள். நீண்ட காலத்துக்கு என்றால் நோய் எதிர்ப்பைத் தணிக்கும் சைக்ளோஸ்போரின், ஒரு கிலோவுக்கு 7 மி.கி.; பலன் தெரிய நான்கு வாரம் பொறுக்க வேண்டும், மருந்து கொடுக்கும் காலம் முழுக்கப் பச்சை இறைச்சியும் எலி வேட்டையும் கூடாது.

"ஒரே ஊசி, ஒரு மாதத்துக்கு ஊறல் இருக்காது" என்று போடும் நீண்டநாள் ஸ்டீராய்டு ஊசியைப் பற்றி எச்சரிக்கையாக இருங்கள். ஊறல் நிற்பது உண்மை. ஆனால் படர்தாமரை இருந்தால் உடம்பெங்கும் பரவும், சோதனைகளின் முடிவு குழம்பும், திரும்பத் திரும்பப் போட்டால் சர்க்கரை நோய் வரலாம். உடம்புக்குள் போன ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது. மாத்திரை என்றால் நிறுத்திக்கொள்ளலாம். பூஞ்சை இல்லை என்று தெரியாமல் எந்த ஸ்டீராய்டுக்கும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

"மன அழுத்தத்தால் நக்குகிறது" என்ற தீர்ப்பும் மலிவாகக் கிடைக்கிறது. 2006இல் வெளியான ஓர் ஆய்வில், மனக் காரணம் என்று முத்திரை குத்தப்பட்ட 21 பூனைகளை முறையாகச் சோதித்தபோது 16க்கு உடல்ரீதியான காரணம் கிடைத்தது. முழுக்க மனக் காரணம் என்று தேறியது இரண்டே இரண்டு. மீதி மூன்றுக்கு இரண்டும். எல்லாவற்றையும் கழித்த பிறகுதான் இந்தப் பக்கம் வர வேண்டும். வந்தால், பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒரு மண் பெட்டி கூடுதலாக, உயரத்தில் ஒளிய இடம், தட்டுகள் தனித்தனியாக, தினமும் பத்துப் பதினைந்து நிமிடம் விளையாட்டு.

நக்காமலே முடி கொட்டும் வயதான பூனை, எடை குறைந்து, தோல் பளபளவென்று இருந்தால் உள்ளுறுப்பில் கட்டி இருக்கலாம், ஸ்கேன் வேண்டும். பத்து வயதுக்கு மேல் நிறையத் தின்றும் இளைத்தால் தைராய்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வீட்டு வைத்தியத்தில் எதைத் தொடக்கூடாது

டெட்டால், பினாயில், டீ ட்ரீ எண்ணெய், கற்பூரம், பாச்சை உருண்டை, மண்ணெண்ணெய்: இவை எதுவும் பூனை உடம்பில் படக்கூடாது. தரையை டெட்டாலில் துடைத்தாலும் பாதம் வழியாக நாக்குக்குப் போகும். காலமைன் லோஷனில் துத்தநாகம் இருக்கிறது, பொடுகு ஷாம்பு சிலவற்றில் சாலிசிலிக் அமிலம் இருக்கிறது. நக்கினால் இரண்டும் கெடுதல். வேப்பெண்ணெய் இயற்கைதான், ஆனாலும் பூனைக்கு ஒத்துக்கொள்ளாது. மஞ்சள் விஷம் இல்லை. சொறியைக் கொல்லவும் செய்யாது, ஒரு வாரம் வீண். வலிக்கும் என்று பாரசிட்டமால் கொடுத்தால் ஒரு மாத்திரையே பூனையைக் கொல்லப் போதும்.

புண்ணாகிவிட்ட இடத்தை உப்புத் தண்ணீரில் (ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீருக்கு இரண்டு டீஸ்பூன் உப்பு) நனைத்த பஞ்சால் ஒற்றி எடுத்து, கழுத்தில் கூம்புக் காலர் மாட்டுங்கள். அது நக்கலை நிறுத்தும், காரணத்தைத் தீர்க்காது. காலருக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். சாப்பிட முடிகிறதா என்று பாருங்கள்.

சோதிக்கும்போது பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போய் வெறிநாய்க்கடித் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். பூனை வழியாகவும் ரேபிஸ் வரும்.

ஊறல் நின்ற இரண்டு மூன்று வாரத்தில் பஞ்சு மாதிரி முடி எட்டிப் பார்க்கும். முழுசாக அடர இரண்டு மூன்று மாதம். சயாமீஸ் இனத்தில் புதிதாக முளைக்கும் முடி கருத்து வரும், அடுத்த முடிமாற்றத்தில் பழைய நிறத்துக்குப் போய்விடும். ஆறு வாரம் ஆகியும் படத்தில் மாற்றமே தெரியவில்லை என்றால், எடுத்த படங்கள், போட்ட மருந்துகளின் பெயர், தேதி எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிக்கொண்டு மருத்துவரிடம் திரும்பப் போங்கள். தோல் துண்டு எடுத்துப் பயாப்சி செய்வது அப்போது அடுத்த கட்டம்.